ஈரக் காற்று பந்தைப் பிடிக்குமா?

ஜூன் 7, பின்னேரம்

திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாத் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: “கடற்கரைப் பக்கம் கிரிக்கட் விளையாடினால் பின்னேரத்தில் அடிச்ச பந்து தூரம் போகுதில்லை, வீசினால் மட்டும் நல்லா வளையுது. கடற்காற்றில் ஈரம் கூட, அதனால் காற்று பாரமாகிப் பந்தைப் பிடிக்குது என்று எங்கட கப்டன் சொல்றார். உண்மையா அண்ணை?”

இல்லை தம்பி. ஈரக் காற்றுக்குப் பாரம் குறைவு. வெப்பநிலையும் அமுக்கமும் மாறாவிட்டால் ஒரு கனமீற்றர் காற்றுக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நீராவி உள்ளே வருகிறது என்றால் வேறொன்று இடம் விட்டுப் போகிறது. நைதரசன் மூலக்கூறு 28, ஒட்சிசன் 32, நீர் 18. பாரமானது போய் லேசானது வருகிறது. 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன் உள்ள ஒரு நாளில் நம்முடைய காற்று உலர்ந்த காற்றைவிட நூற்றுக்கு ஒன்று சொச்சம் லேசாக இருக்கும். கணக்குப்படி பார்த்தால் பந்து கொஞ்சம் கூடத்தான் போக வேண்டும். அந்தக் கொஞ்சத்தைக் கண்ணால் காண முடியாது, அது வேறு கதை.

கப்டன் கண்டது பொய் என்று நான் சொல்லவில்லை, சொன்ன காரணம்தான் பிழை. எந்த முனையில் நின்று அடித்தீர்கள், காற்று எந்தப் பக்கத்தால் வந்தது, என்ன பந்து? மூன்றையும் சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

ஜூன் 7, இரவு

மென்பந்தாம், அதாவது டெனிஸ் பந்து. கடலைப் பார்த்து அடித்தார்களாம். அப்ப சரி, பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

டெனிஸ் பந்தையும் கிரிக்கட் கடினப்பந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. எடையைப் பாருங்கள்: டெனிஸ் பந்து 58 கிராம் அளவில், கடினப்பந்து 160 கிராம் அளவில். காற்றுக்கு எடை தெரியாது. முன்னால் வரும் பரப்பளவையும் வேகத்தையும் மேற்பரப்பையும் பார்த்துத்தான் அது தள்ளுகிறது. ஏறத்தாழ அதே தள்ளு, மூன்றில் ஒரு பங்கு சொச்சம் எடையுள்ள பந்தின் மேல் விழுந்தால் என்ன நடக்கும்?

மணிக்கு 108 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் அடிபட்ட கடினப்பந்தை காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, அதன் எடையில் அரைவாசிக்குச் சற்று மேலே. அதே வேகத்தில் போகும் டெனிஸ் பந்துக்கு அது எடையின் ஒன்றரை மடங்கையும் தாண்டும். காற்றே இல்லாத இடத்தில் இரண்டும் 90 மீற்றர் போகும் என்று வைத்துக்கொண்டால், காற்றுக்குள் கடினப்பந்து அதில் முக்கால்வாசிக்குக் கிட்டப் போய் விழும், டெனிஸ் பந்து ஏறத்தாழப் பாதியில் விழும்.

இப்போது கடலிலிருந்து செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கிறது என்று வையுங்கள். நம்ம ஊரில் அதை யாரும் பெரிய காற்று என்று சொல்லமாட்டார்கள். பந்துக்கு 30 என்பது 35 ஆகிறது. இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஈரம் செய்தது ஒரு வீதம், அதுவும் எதிர்ப்பக்கமாக. காற்று செய்தது முப்பத்தைந்து வீதம். இனி எதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்று கப்டனையே கேளுங்கள்.

ஜூன் 9

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தை முழுதாக விடுதலை செய்யவும் முடியாது. டெனிஸ் பந்தின் மேலே இருக்கும் மயிர், புல்லில் இருக்கும் தண்ணீரைக் குடிக்கும், இரவுப் போட்டிகளில் பந்து பாரமாவது அதனால்தான். கடினப்பந்தின் தோல் நனைந்தால் சுழல்பந்து வீசுகிறவரின் விரலில் பிடி நிற்காது. இதெல்லாம் பந்தில் இருக்கும் ஈரம். பறக்கும் வழியில் காற்றுக்குள் இருக்கும் ஈரத்தைப் பற்றியே நான் மேலே எழுதினேன்.

விளையாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அது பறக்கும் வேகத்தில் காற்று இழுக்கும் விசை அதன் எடையில் எத்தனை பங்கு? ஆண்கள் போடும் குண்டு 7.26 கிலோ, அதற்கு நூற்றுக்கு ஒன்றும் வராது, காற்று என்று ஒன்று இருப்பதே குண்டுக்குத் தெரியாது. உதைபந்து வேகமாக உதைபட்டால் எடைக்குச் சற்றுக் குறைவாக வரும். வேகப்பந்து வீச்சாளரின் கடினப்பந்துக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் இழுவையும் எடையும் ஏறத்தாழச் சமம். மேசைப்பந்து 2.7 கிராம், செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் அடித்தால் எடையின் ஐந்து மடங்கு. 2000ஆம் ஆண்டு அந்தப் பந்தை 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆக்கினார்கள், இரண்டு மில்லிமீற்றர் பெருப்பித்ததே ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கப் போதுமாக இருந்தது. பெட்மின்டன் இறகுப்பந்தை விடுங்கள், அது ஐந்து கிராம், கீழே விட்டால் செக்கனுக்கு ஏழு மீற்றருக்கு மேல் வேகம் பிடிக்காது. ஸ்மாஷ் அடித்து 50 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால் எடையின் ஐம்பது மடங்கு இழுவை அதைப் பிடித்து நிறுத்துகிறது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் முற்றத்தில் நெற் கட்டி பெட்மின்டன் விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஜூன் 10

பாலையூற்றில் பௌதிகவியல் படிப்பிக்கும் சேர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், “எறியம் என்றால் 45 பாகை, அதிகூடிய வீச்சு, வளித்தடை புறக்கணிக்கத்தக்கது, இதைக் குழப்பாதீர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது” என்று.

சேர், பரீட்சைக்கு 45 சரி. குண்டு போடுகிறவர்கள் 37 பாகை அளவில்தான் விடுகிறார்கள், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குண்டு கையை விட்டுப் போவது நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில். விழும் இடம் விடும் இடத்தைவிடத் தாழ்வு என்றால் உச்சக் கோணம் 45க்குக் கீழே கொஞ்சம் இறங்கும். அதைவிடப் பெரிய விசயம், மனிதக் கை எல்லாக் கோணத்திலும் ஒரே வேகத்தில் தள்ளாது. மேல்நோக்கித் தள்ளத் தள்ள வேகம் குறையும். தாழ்வாகத் தள்ளினால் கிடைக்கும் கூடுதல் வேகம் கோணத்தில் இழந்ததை ஈடுசெய்கிறது. இதைக் கணக்கில் கேட்டால் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

ஜூன் 10, இரவு

பீரங்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்றிக் கோட்டையைத் தாண்டித்தான் போகிறோம். அந்த மாதிரிக் கோட்டைகளில் நின்று குண்டு போட்ட காலத்தில், காற்று ஒன்றும் பெரிதாகச் செய்யாது, பாதை அழகான பரவளைவு என்றுதான் நினைத்தார்கள். 1742இல் பெஞ்சமின் றொபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துவக்கு ரவையின் வேகத்தை ஊசலில் சுட்டு அளந்து பார்த்தார். காற்று இழுக்கும் விசை ரவையின் எடையைப் பல மடங்கு தாண்டியது. அந்த ஆளின் இன்னொரு வேலைதான் எனக்குப் பிடித்தது: துவக்குக் குழாயின் முனையை இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டார், வழியில் வரிசையாக மெல்லிய தாள் திரைகள். ரவை இடப்பக்கம் புறப்பட்டுப் பிறகு வலப்பக்கம் திரும்பிப் போனதைத் தாளிலுள்ள ஓட்டைகள் காட்டின. வளைந்த குழாயின் சுவரில் உரசி உருண்டு வந்ததால் ரவை சுழன்றிருக்கிறது, அந்தச் சுழற்சியே அதைத் திருப்பியிருக்கிறது. இதற்கு நூறு வருசத்துக்கும் பிறகு, 1852இல், ஜேர்மனியில் மக்னஸ் இதைச் சோதனை செய்து காட்டினார், மக்னஸ் விசை என்று பெயர் அவருக்குப் போய்விட்டது. நியூட்டனோ 1672இலேயே, மட்டையைச் சாய்த்து அடித்த டெனிஸ் பந்து வளைந்து போவதைப் பற்றி எழுதிவிட்டார். றொபின்ஸின் பெயர்தான் பெரிதாக நிற்கவில்லை.

ஜூன் 14

ஈட்டி, தட்டு. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

பாடசாலைப் போட்டிகளில் எறிதல் நடுவராக நிற்பது என் வழக்கம். கச்சான் காலத்துப் போட்டி ஒன்றில், தட்டெறிதல் வட்டம் நேரே காற்றைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. ஒரு பயிற்றுநர் என்னிடம் வந்து, எங்கட பிள்ளைகளைக் காற்றுக்கு எதிரே எறிய விட்டது அநியாயம், பக்கத்தை மாற்றுங்கோ என்று நின்றார். நான் சொன்னேன், மாஸ்டர், உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தை நீங்களே திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று. அவர் நம்பவில்லை. நான் ஒரு பக்கம் சாய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு போனார்.

தட்டுக்கு எதிர்க்காற்று நல்லது. அது ஓரளவு சாய்ந்து, ஒரு இறக்கை மாதிரித்தான் காற்றில் ஏறிப் போகிறது. தூக்கும் விசையும் இழுக்கும் விசையும் இரண்டுமே தட்டுக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் புறப்படும் தட்டுக்கு எதிர்க்காற்று 10 மீற்றர் வந்தால் அது 35 மீற்றர் வேகக் காற்றில் மிதக்கிறது. தூக்குவதால் ஆகாயத்தில் கூட நேரம் நிற்கிறது, அந்த லாபம் இழுவையின் நட்டத்தை வெல்கிறது. பின்னால் இருந்து காற்று வந்தால் தட்டு மிதக்க ஆதாரமில்லாமல் சீக்கிரமே விழுந்துவிடும். சுழற்சி இங்கே வளைப்பதற்கு அல்ல, தட்டைப் புரளவிடாமல் ஒரே சாய்வில் வைத்திருப்பதற்கு. சுழற்சி குறைந்த பிள்ளைகளின் தட்டு நடுவழியில் தள்ளாடிச் செங்குத்தாக வந்து விழுவதை எல்லாப் போட்டியிலும் காணலாம்.

இதை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1986இல் கிழக்கு ஜேர்மனியின் யூர்கன் ஷுல்ட் எறிந்த 74.08 மீற்றர் முப்பத்தேழு வருசத்துக்கு மேல் யாராலும் அசைக்க முடியாமல் நின்றது. லித்துவேனியாவின் மிக்கோலாஸ் அலெக்னா 2024இல் 74.35 எறிந்தார், 2025இல் 75.56. இரண்டும் எங்கே? அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் றமோனா என்ற, காற்றுக்குப் பேர்போன ஒரு சின்ன இடத்தில். விதியில் இதற்குத் தடையே இல்லை. 100 மீற்றர் ஓட்டத்துக்கும் நீளம் பாய்தலுக்கும் பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் சாதனை செல்லாது. எறிதலுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. இது எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை. நூலிழை வித்தியாசத்துக்காக ஓட்டக்காரரின் சாதனையை வெட்டுகிறார்கள், தட்டெறிகிறவர் காற்றைத் தேடிப் போய் மைதானம் போட்டாலும் கேட்க ஆளில்லை.

ஈட்டியில் கதை மாறி நடந்தது. அங்கே சாமானையே திருத்தினார்கள். 1984இல் கிழக்கு ஜேர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார். மைதானத்துக்குள் ஈட்டி எறியவே இடம் போதாது என்ற நிலை. அது போக, பழைய ஈட்டி மிதந்து வந்து தட்டையாகப் படுக்கும், முனை முதலில் பட்டதா இல்லையா என்று நடுவர்கள் அடிபட வேண்டியிருந்தது. 1986இல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினார்கள். காற்றின் தூக்கு விசை இப்போது அந்த மையத்துக்குப் பின்னால் தாக்குவதால் மூக்கு தானாகக் கீழே குனிகிறது. தூரம் ஏறத்தாழப் பத்து வீதம் குறைந்தது, விழும்போது குத்தியும் நின்றது. பெண்கள் ஈட்டிக்கு இதை 1999இல் செய்தார்கள்.

உற்பத்தியாளர்கள் சும்மா இருந்தார்களா? ஈட்டியின் வாலைச் சொரசொரப்பாக்கினார்கள். பின்லாந்தின் செப்போ றாட்டி 1991இல் அப்படியான ஈட்டியில் 96.96 எறிந்தார். அந்த வருசமே அந்த ஈட்டிகளைத் தடைசெய்து, சாதனையையும் அழித்துவிட்டார்கள். புதிய ஈட்டியில் நிற்பது ஜான் செலெஸ்னி 1996இல் எறிந்த 98.48. பாரிஸில் பாகிஸ்தானின் அர்ஷாத் நதீம் எறிந்தது 92.97, அதைப் பார்த்துவிட்டு எங்கட பெடியள் எல்லாம் கடற்கரையில் கம்பு எறியத் தொடங்கினார்கள், ஒரு நாயும் ஒரு தோணியும் மயிரிழையில் தப்பின.

ஜூன் 15

அந்தப் பயிற்றுநர் இதை வாசித்துவிட்டார் போல. பொது நண்பர் ஒருவர் மூலம் செய்தி வந்தது: “அப்ப அடுத்த முறையும் காற்றுப் பக்கமே போடுங்கோ.”

ஜூன் 21

ஸ்விங்கைப் பற்றி, அதாவது வீசிய பந்து காற்றிலேயே பக்கவாட்டில் வளைவதைப் பற்றி, எழுதச் சொல்லிப் பல பேர். நிலாவெளி அண்ணை ஒருவர் மட்டும், “முகில் மூடினால் ஸ்விங் ஆகும், நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்தவன், கணக்கை என்னட்டைக் கொண்டு வராதே” என்கிறார். அண்ணை, கணக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் பந்தைப் பார்ப்போம்.

பந்தின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படை ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் எல்லைப்படை என்று வரும். அது அமைதியாக ஓடினால் பந்தின் விலாவிலேயே சீக்கிரம் கழன்றுவிடும். குழம்பி ஓடினால் கூடத் தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் கழலும். தையலைச் சற்றுச் சாய்த்து வீசும்போது, தையல் இருக்கும் பக்கத்தில் காற்றுப்படை தையலில் இடறிக் குழம்புகிறது, மினுக்கிய மற்றப் பக்கத்தில் அமைதியாக ஓடுகிறது. ஒரு பக்கம் பிந்திக் கழல, மறுபக்கம் முந்திக் கழல, பந்துக்குப் பின்னால் ஓடும் காற்று ஒருபக்கமாகத் திரும்புகிறது. காற்றை அந்தப் பக்கம் தள்ளிய பந்து இந்தப் பக்கம் போகிறது, அதாவது தையல் காட்டும் திசைக்கு. நாசாவில் வேலை செய்த ரபி மேத்தா 1980களிலிருந்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதை அளந்திருக்கிறார். வழமையான ஸ்விங் உச்சத்தில் இருப்பது செக்கனுக்கு 30 மீற்றர் அளவில், மணிக்கு 110 சொச்சம். அதாவது நடுத்தர வேகம். நம்மைப் போன்ற ஆட்களுக்கு இது பெரிய ஆறுதல், வேகம் இல்லாததைக் கலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பக்கவாட்டு விசை எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வரும் என்று வையுங்கள், பந்து 0.6 செக்கன் காற்றில் இருக்கிறது. மொத்த விலகல் அரை மீற்றர் சொச்சம். அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பாதி நேரத்தில் 13 சென்ரிமீற்றர், இரண்டாவது பாதியில் 40. விசை ஒன்றும் மாறவில்லை, ஆனால் துடுப்பாட்டக்காரர் முதல் பாதியைப் பார்த்து மட்டையை வைக்கிறார், பந்து மற்றப் பாதியில் ஓடிவிடுகிறது. பிந்தி வளைந்தது, மந்திரப் பந்து என்று வர்ணனையாளர்கள் கத்துவதில் பெரும்பகுதி இந்தச் சாதாரண விசயம்தான்.

முகிலுக்கு வருவோம். ஈரத்தை மாற்றி மாற்றி ஆய்வுகூடத்தில் அளந்தவர்களுக்குப் பந்தின் தையலோ தோலோ சொல்லக்கூடிய அளவுக்கு மாறியதாகத் தெரியவில்லை. மிச்சமிருப்பது ஒரு யோசனை: வெயில் சுடும்போது நிலத்திலிருந்து சூடான காற்று கிளம்பி மைதானத்தின் மேல் குழப்பம் உண்டாக்கும், முகில் மூடினால் அது அடங்கும், மினுக்கிய பக்கத்துக் காற்றுப்படை அமைதியாகவே ஓட முடியும். இது சரியாக இருந்தால் அண்ணை கண்டதும் சரி, ஈரத்துக்குப் பங்கில்லை என்பதும் சரி. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான்.

இன்னொன்றும் உண்டு. முகில் மூடிய நாளில் ஸ்விங் ஆகும் என்று நம்புகிற வீச்சாளர் பந்தை முன்னுக்குக் குத்துகிறார், தையலை நேராகப் பிடிக்கிறார், தலைவர் ஸ்லிப்பில், அதாவது விக்கட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஆள் நிறுத்துகிறார். வெயில் நாளில் அதே ஆள் சோர்ந்து குறுகிய பந்து போடுகிறார். காற்றை மட்டும் விசாரித்துப் போதாது.

ஜூன் 22

மாலிங்கவைப் பற்றிச் சொல்லாமல் விட்டது தேசத்துரோகமாம். சரி.

மேலே சொன்னதெல்லாம் நடுத்தர வேகத்துக்கு. வேகம் கூடக் கூட, தையல் இல்லாத பக்கத்துக் காற்றுப்படையும் தானாகவே குழம்பத் தொடங்கும். புதிய பந்தில் இதற்கு 140க்கு மேல் வேகம் வேண்டும், ஒரு பக்கம் சொரசொரத்த பழைய பந்தில் குறைந்த வேகமே போதும். அந்த நிலையில் தையல் உதவி செய்வதை விட்டுவிட்டுக் கெடுதல் செய்கிறது: ஏற்கனவே குழம்பிய படையைத் தடிப்பாக்கி, முந்திக் கழலச் செய்கிறது. பந்து தையலுக்கு எதிர்ப்பக்கம் போகிறது, இதுதான் ரிவர்ஸ் ஸ்விங். சர்ஃப்ராஸ் நவாஸ், இம்ரான் கான், வசீம் அக்ரம், வக்கார் யூனிஸ் என்று பாகிஸ்தான்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்த வித்தை. மாலிங்கவிடம் இதோடு இன்னொரு கஷ்டம், கை பக்கவாட்டில் தாழ்ந்து வருவதால் பந்து நடுவரின் உடம்புக்கு முன்னாலிருந்து புறப்படும். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கட் எடுத்த ஓவர்களை இன்னொரு தரம் பாருங்கள்.

மென்பந்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டவருக்கு: சும்மா நடக்காது. டெனிஸ் பந்தின் இரண்டு பக்கமும் ஒரே மயிர். அரைவாசிக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறாகும், அதனால்தான் ஒட்டுகிறார்கள்.

ஜூன் 29

முரளி. இவரைப் பற்றி நான் எழுதினால் பக்கச் சார்பாகத்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 800 விக்கட். பந்து குத்தித் திரும்புவதை எல்லோரும் பார்த்தார்கள். குத்துவதற்கு முன்னால் காற்றில் நடந்ததைத்தான் குறைவாகப் பேசினோம்.

ஓஃப் ஸ்பின் பந்து வீச்சாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள் திசையில் சுழலும். சுழலும் அச்சு பந்து போகும் திசையிலேயே இருந்தால் மக்னஸ் விசை வராது என்று சொல்வார்கள், அது உண்மை. ஆனால் பந்து நேர்கோட்டில் போவதில்லையே. உச்சியைத் தாண்டிக் கீழே விழத் தொடங்கியதும், பந்துக்குக் காற்று முன்னாலிருந்து மட்டும் இல்லாமல் கீழிருந்தும் வருகிறது. பந்தின் வலப்பக்கம் கீழ்நோக்கிச் சுழல்கிறது, காற்றோ மேல்நோக்கி வருகிறது, இரண்டும் மோதும் அந்தப் பக்கத்தில் அமுக்கம் கூடி, பந்து இடப்பக்கம் தள்ளப்படுகிறது. வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு அது ஸ்லிப் பக்கம் விலகிப் போவது போலத் தெரியும். அவர் அதைத் தொடர்ந்து மட்டையை வெளியே கொண்டு போகிறார், பந்து குத்தி உள்ளே திரும்புகிறது, மட்டைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு கதவே திறந்திருக்கும். மேற்சுழற்சியும் கொஞ்சம் கலந்திருந்தால் பந்து எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடும்.

இந்த விலகலும் இறக்கமும் காற்றை எதிர்த்து வீசும்போது கூடும், தட்டுக்குச் சொன்ன அதே காரணம். நம்ம ஊர்த் தலைவர்கள் வேகப்பந்துக்காரனைக் காற்று முதுகில் படும் முனையிலும், சுழல்பந்துக்காரனை மற்ற முனையிலும் போடுவது வேகப்பந்துக்காரனுக்குச் சலுகை கொடுக்கத்தான் என்றாலும், சுழல்பந்துக்காரனுக்கே கூட நன்மை.

ஜூலை 3

ஏகாம்பரம் மைதானத்துப் பக்கமிருந்து முறைப்பாடு: கிரிக்கட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய், திருகோணமலை உதைபந்து ஊர் என்பது மறந்து போச்சா என்று. மறக்கவில்லை.

1997 ஜூன் 3, லியோனில் பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் றொபேர்ட்டோ கார்லோஸ் 35 மீற்றரிலிருந்து உதைத்தது. இடக்காலின் வெளிப்பக்கத்தால் உதைத்த பந்து சுவராக நின்றவர்களுக்கு வெகு வலப்பக்கத்தால் போய், இடப்பக்கம் வளைந்து, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. பிரான்ஸின் கோல் காப்பாளர் பார்தெஸ் அசையவே இல்லை. பந்து போகப் போக இழுவையால் வேகம் குறைகிறது, சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. மெதுவாகும் பந்தைச் சுழற்சி கூடக் கூட வளைக்கும், பாதை வட்டம் மாதிரி இல்லாமல் சுருண்டு சுருண்டு இறுகும். தூரம் குறைந்திருந்தால் கோல் காப்பாளர் அந்தக் கடைசி வளைவைக் காணவே மாட்டார். 20 மீற்றரில் இதை முயற்சி செய்து பந்தை வெளியே அடித்துவிட்டு மைதானத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

சுழற்சியே இல்லாமல் உதைத்தால் வேறு கூத்து. பந்தின் பின்னால் காற்று கழலும் இடம் தையல்களின் இருப்பைப் பொறுத்து மாறி மாறிப் போகும், பந்து இடமும் வலமுமாக அலையும். 2010 உலகக் கிண்ணத்து ஜபுலானி பந்தில் எட்டுத் துண்டுகள் மட்டும், மேற்பரப்பு வழுவழுப்பு. காற்றுப்படை அமைதியிலிருந்து குழப்பத்துக்கு மாறும் வேகம் அந்தப் பந்தில் ஃப்ரீ கிக் வேகத்துக்குள்ளேயே வந்து விழுந்தது, கோல் காப்பாளர்கள் எல்லோரும் திட்டினார்கள். 2014இல் ஆறே துண்டுகள் கொண்ட பிரசூக்கா வந்தபோது இன்னும் மோசமாகும் என்று பலர் நினைத்தார்கள். ஆகவில்லை, ஏனென்றால் அதன் தையல்களின் மொத்த நீளம் கூட, ஆழமும் கூட, தோலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள்.

கரப்பந்தில் இதே அலைச்சலை வேண்டுமென்றே செய்கிறார்கள், உள்ளங்கையால் சுழற்சி இல்லாமல் தட்டும் சேர்வ். கரப்பந்து பருமனில் உதைபந்துக்குச் சற்றுத்தான் சிறிது, எடை 270 கிராம் அளவில், உதைபந்தோ 430 அளவில். ஜூன் 9ஆம் திகதி எழுதிய கணக்குத்தான் திரும்ப வருகிறது. மக்கெய்சர் மைதானத்தில் வெளியில் வைத்து விளையாடும்போது அந்தச் சேர்வை எடுக்கிறவன் காற்றோடும் சேர்த்துச் சண்டை பிடிக்க வேண்டும்.

ஜூலை 5

கொல்ஃப் நமக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். சீனக்குடாவில் விமானப்படையின் கொல்ஃப் மைதானம் இருக்கிறது, அங்கே வேலைக்குப் போய்வருகிற ஒருவர், பந்தில் ஏன் குழி குழியாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இரண்டு வேலை. குழிகள் காற்றுப்படையைக் குழப்பி, பிந்திக் கழல வைத்து, இழுவையை ஏறத்தாழப் பாதியாக்குகின்றன. பின்சுழற்சியோடு சேர்ந்து பந்தைத் தூக்குகின்றன. ஆரம்பத்தில் அந்தத் தூக்கு விசை பந்தின் எடையையே தாண்டலாம், அதனால்தான் பத்துப் பதினைந்து பாகையில் தாழ்வாகப் புறப்பட்ட பந்து போகப் போக ஏறுவது போல இருக்கும். பழைய காலத்தில் வழுவழுப்பான பந்துதான். அடிபட்டுக் காயம்பட்ட பழைய பந்து புதியதைவிடத் தூரம் போகிறது என்று விளையாடினவர்களே கண்டுபிடித்தார்கள், விஞ்ஞானம் பிறகுதான் வந்தது.

இதே பந்தை நுவரெலியாவில் அடித்தால் இன்னும் தூரம் போகும். 1,800 மீற்றருக்கு மேலே, குளிரையும் கணக்கில் எடுத்தால்கூட, காற்று நம்ம ஊரைவிட ஏறத்தாழ 15 வீதம் ஐதாக இருக்கும். தூக்கு விசையும் அதே அளவு குறையும்தான், ஆனால் இழுவை குறைந்த லாபம் அதைவிடப் பெரிது. காற்றின் அடர்த்தியைப் பற்றிக் கதைக்க விரும்புகிறவர்கள் ஈரத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

ஜூலை 12

என் மருமகன் உப்புவெளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு காற்றடைத்த பிளாஸ்டிக் பந்து விளையாடிவிட்டு வந்து, “மாமா, நான் சுத்தி விட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா வளையுது” என்றான். நல்ல கண் அவனுக்கு. முழு வழுவழுப்பான உருண்டையில், குறிப்பிட்ட ஒரு வேக வட்டத்துக்குள், இது உண்மையாகவே நடக்கும். சுழற்சியால் ஒரு பக்கத்தின் மேற்பரப்பு காற்றை எதிர்த்து ஓடுகிறது, அந்தப் பக்கத்துக்குக் காற்றின் வேகம் கூடுதலாகத் தெரிவதால் அங்கே மட்டும் படை குழம்பிப் பிந்திக் கழலும், மற்றப் பக்கம் அமைதியாக ஓடி முந்திக் கழலும். மக்னஸ் விசை தலைகீழாகிவிடும். தையலோ மயிரோ குழியோ இருக்கும் பந்துகளில் இரண்டு பக்கமும் முன்கூட்டியே குழம்பிவிடுவதால் இதைக் காண்பது கஷ்டம்.

காற்றில்லாத காலை நேரத்தில் செய்து பார்க்க வேண்டும், ஏழு மணிக்கு முன்னால் என்றால் நல்லது. பந்தைச் சுற்றி மார்க்கரால் தடிப்பான கோடு ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் பக்கம் சுழன்றது என்று வீடியோவில் தெரியாது, பிறகு இங்கே வந்து ஆளுக்கு ஆள் சண்டை பிடிப்பீர்கள். கமராவை எறிகிறவரின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேல் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாகவும் வேகமாகவும் எறியுங்கள், ஒரு வேகத்தில் இந்தப் பக்கமும் இன்னொரு வேகத்தில் அந்தப் பக்கமும் வளைந்தால் இரண்டையும் போடுங்கள்.